ஓவர்கிளாக் செய்த கிராபிக்ஸ் கார்டு சூடேறுகிறதா? எதை முதலில் செய்வது

கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடும்படி வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் பிறந்தால் ஒரே கவலைதான். மார்கழியில் 74 டிகிரியில் ஓடிய அதே கேம், அதே செட்டிங்கில் இப்போது 85 டிகிரியைத் தொடுகிறது. என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சிப்பின் மேல் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்று என்பார் ஒருவர், கேபினட்டில் இன்னும் இரண்டு ஃபேன் போடு என்பார் இன்னொருவர், பேசாமல் வாட்டர் கூலிங்குக்குப் போய்விடு என்பார் மூன்றாமவர். இவை எல்லாமே ஏதோ ஒரு கார்டுக்குச் சரியான பதில்தான். உங்கள் கார்டுக்கு எது சரி என்று தெரியும்வரை பணத்தை எடுக்க வேண்டாம்.

உண்டான வெப்பத்தை வெளியேற்றச் செலவு செய்வதற்கு முன், உண்டாகும் வெப்பத்தைக் குறைக்க வேண்டும். இதுதான் என் கட்சி. அது இலவசம், கார்டைத் திறக்க வேண்டியதில்லை, பிடிக்கவில்லை என்றால் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்குப் போய்விடலாம். உதாரணத்துக்கு என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3080ஐ எடுத்துக்கொள்கிறேன். 2020 செப்டம்பரில் வந்த கார்டு, 320 வாட் இழுக்கும். செகண்ட் ஹேண்டில் நிறையப் பேர் கைக்கு வந்திருக்கிறது. சூட்டுப் பிரச்சினை என்று என்னென்ன உண்டோ அத்தனையும் இந்த ஒரு கார்டில் பார்த்துவிடலாம்.

எந்தச் சூடு என்று முதலில் பாருங்கள்

"அண்ணா, கார்டு 85ல நிக்குது" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது, "எந்த 85?" என்றுதான். கார்டுக்குள் குறைந்தது மூன்று அளவுகள் இருக்கின்றன. சாதாரணமாகத் திரையில் தெரிவது சிப்பின் பொது வெப்பநிலை. ஹாட்ஸ்பாட் என்பது சிப்பிலேயே அதிகம் சூடான புள்ளி. மூன்றாவது மெமரியின் வெப்பநிலை. எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் 3080ல் மூன்றும் தெரியும். (50 வரிசை என்விடியா கார்டுகளில் ஹாட்ஸ்பாட் அளவை மென்பொருள்களால் படிக்க முடிவதில்லை. பயனாளர் கையில் இருந்த நல்ல கருவி ஒன்று போய்விட்டது என்பதில் எனக்கு வருத்தம்தான்.)

3080க்கு என்விடியா சொல்லும் உச்ச அளவு 93 டிகிரி. ஆனால் கார்டு வழக்கமாக 83 டிகிரியையே இலக்காக வைத்து ஓடும். அதற்கு மேல் போகப்பார்த்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு முன்பேகூட, சூடு ஏற ஏற 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அதாவது நீங்கள் 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டி வைத்திருந்தாலும், அதில் ஒரு பகுதியைச் சூடு சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மெமரிக்கு எல்லை 110 டிகிரி. ஏஎம்டி நிறுவனத்தின் கார்டுகளில் ஜங்ஷன் என்று காட்டும் அளவும் (அங்கே ஹாட்ஸ்பாட்டுக்கு அதுதான் பெயர்) 110 வரை போகலாம், அது எதிர்பார்த்ததே என்று 2019ல் ஆர்எக்ஸ் 5700 வரிசை வந்தபோது அந்த நிறுவனமே சொன்னது. அதனால் ஏஎம்டி கார்டின் ஜங்ஷனில் 95 பார்த்துப் பதற வேண்டியதில்லை. என்விடியாவின் பொது வெப்பநிலையில் 85 என்றால் கவனிக்க வேண்டும்.

பொது வெப்பநிலைக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் சாதாரணம். 20ஐத் தாண்டி 25, 30 என்று விரிந்தால் சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோக ஹீட்சிங்குக்கும் நடுவில் எங்கோ தொடர்பு சரியில்லை என்று அர்த்தம். அந்தக் கார்டுக்கு எத்தனை ஃபேன் போட்டாலும் நோய் தீராது. பொது வெப்பநிலை 70, மெமரி மட்டும் 106 என்றால் வேறு வைத்தியம். மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் பெரும்பாலும் அறையோ கேபினட்டோதான் காரணம்.

அறையை மறந்துவிடுகிறோம். கூலர் செய்வதெல்லாம் கார்டை அறையைவிட இத்தனை டிகிரி அதிகத்தில் நிறுத்திவைப்பதுதான். மார்கழி இரவில் அறை 26 டிகிரி, கத்திரி வெயில் மாலையில் 38 என்றால் அந்த 12 டிகிரி அப்படியே கார்டின் தலையில் ஏறும். குளிர்நாட்டில் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து எடுத்த விமர்சன வீடியோவில் 66 காட்டியது, என்னிடம் 83 காட்டுகிறதே என்று கூலரைத் திட்டுவதில் நியாயமில்லை.

அண்டர்வோல்ட்

கார்டின் வோல்டேஜைக் குறைத்து ஓட்டும் இந்த முறைக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். பலரும் இதை ஓவர்கிளாக்கை விட்டுக்கொடுப்பது என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். உள்ளே நடப்பது வேறு. ஒவ்வொரு வோல்டேஜுக்கும் இந்த வேகம் என்று கார்டுக்குள் ஒரு கோடு இருக்கிறது. ஓவர்கிளாக் ஸ்லைடரை +100க்குத் தள்ளும்போது அந்தக் கோடு முழுவதும் மேலே நகர்கிறது. ஆனாலும் கார்டு எப்போதும்போல உச்ச வோல்டேஜுக்கே ஏறிப் போகிறது, சூடும் அங்கேதான் பிறக்கிறது. அண்டர்வோல்ட்டில் அதே கோட்டின் ஒரு புள்ளியை மட்டும் மேலே தூக்கி, அதற்கு மேல் போகாதே என்று நிறுத்துகிறோம். குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் கேட்பதால் இதுவும் ஓவர்கிளாக்தான். நல்ல சிப் வாய்த்தவருக்கு இதிலும் அதிகம் கிடைக்கும்.

கணக்கு எளிது. சிப் செலவழிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. 1.05 வோல்ட்டில் ஓடும் சிப்பை அதே வேகத்தில் 0.9 வோல்ட்டுக்கு இறக்கினால் இயங்குவதற்கான செலவில் கால் பங்குக்கு மேல் போய்விடும். மெமரி, ஃபேன், வோல்டேஜ் சர்க்யூட் இழுப்பதெல்லாம் இதில் குறையாது என்பதால் கார்டின் மொத்தக் குறைவு அந்த அளவு இருக்காது. ஆனாலும் 320 வாட் இழுத்த 3080, வேகத்தில் பெரிதாக எதையும் இழக்காமல் 250, 270க்கு வருவது வழக்கமாகப் பார்ப்பதுதான்.

செய்யும் முறை இப்படி. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைத் திறந்து கன்ட்ரோலையும் எஃப் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அந்தக் கோடு வரும். முதலில் கோர் கிளாக் ஸ்லைடரை மைனஸ் 250 வாக்கில் இறக்கி மொத்தக் கோட்டையும் தாழ்த்திவிடுங்கள். பிறகு 900 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 1800 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இழுத்து, சரி என்ற டிக்கை அழுத்துங்கள். அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் சமதரையாகப் படுத்துவிடும். இனி கார்டு 0.9 வோல்ட்டைத் தாண்டாது. ஒரு மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓடவிட்டு, நின்றால் 15 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுங்கள். கேம் தெறித்து வெளியே வந்தால் 15 இறக்குங்கள். ஒரே ஒரு டெஸ்ட் மென்பொருளை நம்பாதீர்கள். ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் கணக்கிடும் வசதி) உள்ள கேம் ஒன்று, இல்லாத கேம் ஒன்று, இரண்டிலும் நிற்க வேண்டும். இதில் வரக்கூடிய கெடுதல் கேம் கிராஷ் ஆவது மட்டும்தான். வோல்டேஜைக் குறைத்து யாரும் கார்டை எரித்ததில்லை.

வெப்பநிலையில் என்ன கிடைக்கும்? அறை 38, கார்டு 340 வாட்டில் 84 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அறையைவிட 46 டிகிரி அதிகம். ஃபேன் வேகம் மாறாமல் 260 வாட்டுக்கு இறங்கினால் அந்த 46 ஏறத்தாழ 35 ஆகும். கார்டு 73ல் நிற்கும். சில ஆயிரம் ரூபாய் செலவழித்துப் பொருத்தும் கூலர்களில் பல இந்த 11 டிகிரியைத் தராது. கூடவே, ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் விளையாடுபவருக்கு இரண்டு மாத ரீடிங்கில் 19 யூனிட் குறையும். ஸ்லாப் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஓவர்கிளாக் மொத்தமாகத் தருவது எவ்வளவு என்பதையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 1900ல் ஓடும் சிப்பை 2000க்கு ஏற்றினால் கூடுவது ஐந்து சதவீதம். நொடிக்கு 60 ஃபிரேம் வருகிற இடத்தில் மிஞ்சிப் போனால் 63 வரும். அதற்காக, கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பான பவர் லிமிட்டை 370 வாட்டுக்குத் தள்ளி, அந்த 50 வாட்டையும் வெயில் காலத்தில் அறைக்குள்ளேயே கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பவர் லிமிட்டை மட்டும் 80 சதவீதத்துக்கு இறக்குவது இதன் எளிய வடிவம். ஒரு ஸ்லைடரோடு வேலை முடிந்தது, கிராஷ் பயமும் இல்லை. அண்டர்வோல்ட்டில் இழப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேகத்தை இழக்க வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்து சோதிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதையே செய்யலாம். ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே அட்ரினலின் மென்பொருளின் ட்யூனிங் பகுதியில் இருக்கின்றன.

ஃபேனும் கேபினட்டும்

ஃபேன் கர்வை, அதாவது எத்தனை டிகிரியில் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்ற கோட்டை, ஏற்றுவதும் இலவசம்தான். ஆனால் பலன் சீக்கிரம் வற்றிவிடும். 40லிருந்து 60 சதவீதத்துக்குப் போகும்போது நன்றாகத் தெரியும். 80லிருந்து 100க்குப் போகும்போது ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும், சத்தமோ காதைப் பிடுங்கும். நான் சிபாரிசு செய்வது 75 சதவீதத்தில் கூரை கட்டுவது. இன்னொன்று, பல கார்டுகளில் சும்மா இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும். நம் கோடையில் கார்டு சும்மா இருக்கும்போதே 50ஐ ஒட்டி இருப்பதால் ஃபேன் சுற்றுவதும் நிற்பதுமாக அல்லாடும். குறைந்தபட்சம் 30 சதவீதத்தில் எப்போதும் சுற்றும்படி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கேபினட்டைச் சந்தேகிப்பவர்கள் ஃபேன் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். கேம் ஓடி வெப்பநிலை நிலைத்த பிறகு பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கால் மணி நேரம் பாருங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் குற்றவாளி கேபினட்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, பக்கவாட்டில் விரல் அகலச் சந்து மட்டும் விட்ட அழகான கேபினட்டுகளில் இப்படித்தான் ஆகும். முன்னால் காற்றை உள்ளே இழுக்கும் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு சேர்ப்பது அங்கே நல்ல செலவு. கார்டுக்கு நேர் கீழே ஒரு ஃபேன் வைக்க இடம் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கியது என்றால் கேபினட்டை விட்டுவிடுங்கள்.

கழற்றிய கண்ணாடியை அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். மேலே சீலிங் ஃபேன் ஓடும் அறையில் ஒரு மாதத்தில் ஹீட்சிங்க் தூசியால் அடைத்துக்கொள்ளும், பல்லியும் உள்ளே போகும். திறந்து வைப்பது சோதனைக்கு மட்டும் போதும். தூசியை ப்ளோயரால் ஊதும்போது கார்டின் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அதைச் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

கார்டைத் திறப்பது

ஹாட்ஸ்பாட் வித்தியாசம் விரிந்திருந்தால், அல்லது மெமரி மட்டும் 100ஐத் தாண்டினால், மென்பொருளில் செய்யக்கூடியது அதிகம் இல்லை. திறந்துதான் ஆக வேண்டும். வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள். ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், எடுக்கலாமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2022 இறுதியில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் வந்தபோது, ஏஎம்டியே வடிவமைத்த கூலர் கொண்ட கார்டுகள் சிலவற்றின் ஹாட்ஸ்பாட் 110ஐத் தொட்டது. பலர் பேஸ்ட்டை மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கூலருக்குள் திரவம் ஆவியாகிச் சூட்டைக் கடத்தும் வேப்பர் சேம்பரில் போதுமான திரவம் இல்லை என்று 2023 ஜனவரியில் நிறுவனம் ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. இப்படிப்பட்ட கார்டைக் கையால் சரிசெய்ய முடியாது. வாரண்டியைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு அங்கே லாபம்.

வாரண்டி முடிந்த கார்டு என்றால் தயங்க வேண்டாம். திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒரு கேமை ஓட்டிக் கார்டைச் சூடாக்கிக்கொள்ளுங்கள், காய்ந்த பேஸ்ட் இளகும். பின்னால் சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூக்களையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹீட்சிங்க் விடாவிட்டால் மேலே இழுக்காமல் லேசாகத் திருகுங்கள். பிரிந்தவுடன் நிதானம் வேண்டும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் போகும் மெல்லிய வயர்கள் அடியில் இணைந்திருக்கும்.

நாலு வருடம் ஓடிய கார்டைப் பிரித்தால் உள்ளே பார்ப்பது ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். சிப்பின் நடுவில் பேஸ்ட் இல்லை, வெள்ளிக் கண்ணாடிபோலப் பளிச்சென்று தெரியும். நடுவில் இருந்ததெல்லாம் ஓரத்தில் வரப்பு கட்டி உலர்ந்திருக்கும். சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமாக, நாளாவட்டத்தில் பேஸ்ட் வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது. மெமரி மேல் இருக்கும் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு) எண்ணெய் கசிந்து, தொட்டால் பிசுபிசுக்கும் அல்லது உதிரும்.

மொபைல் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தால் துடைத்துவிட்டுப் புதிய பேஸ்ட் போடலாம். ப்ராசஸருக்குப் போடுவதுபோல நடுவில் ஒரு பொட்டு வைத்து விட்டுவிடக்கூடாது. இங்கே சிப்பின் மேல் மூடி கிடையாது. 3080ன் சிப் 628 சதுர மில்லிமீட்டர், அதில் ஒரு மூலை காய்ந்து நின்றாலும் ஹாட்ஸ்பாட் அங்கேதான். முழுவதும் மெல்லியதாகப் பரப்புங்கள். என் தேர்வு பேஸ்ட்டைவிட ஹனிவெல்லின் பிடிஎம் 7950 என்ற தகடு. 45 டிகிரி வாக்கில் இளகி இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளும், பேஸ்ட்போல வெளியே தள்ளப்படாது. முதல் சில தடவை சூடாகி ஆறிய பிறகுதான் அதன் முழுப் பலன் தெரியும். மே மாதத்தில் ஒட்டுவதாக இருந்தால் அந்தத் தகட்டை ஒரு கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். இல்லாவிட்டால் மேல்தாளை உரிக்கும்போது தாளோடு பிய்ந்து வந்துவிடும். போலிகள் நிறைய என்பதால் நம்பகமான விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பேஸ்ட்டுக்குப் பதிலாகப் பூசும் லிக்விட் மெட்டல் பக்கமே போகாதீர்கள். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், ஒரு சொட்டு வழிந்தால் கார்டே ஷார்ட் ஆகும். இரண்டு டிகிரிக்காக எடுக்கத் தகுந்த ஆபத்தே இல்லை.

பேட் விஷயத்தில் தரத்தைவிடத் தடிமன் முக்கியம். ஒரே கார்டில் ஒரு இடத்தில் 1 மில்லிமீட்டர், இன்னொரு இடத்தில் 2 என்று இருக்கும். நசுங்கிய பழைய பேட்டை அளந்தால் சரியான கணக்கு கிடைக்காது, உங்கள் மாடலுக்கு உரிய அளவைத் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் தடித்துவிட்டால் ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காராது. மெமரி இறங்கும், ஹாட்ஸ்பாட் ஏறும். அளவு கிடைக்காத கார்டுக்குக் களிமண்போன்ற தெர்மல் புட்டி நல்லது, அழுத்திய அளவுக்கு அதுவே நசுங்கிக்கொள்ளும்.

3080, 3090 கார்டுகளில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி இயல்பிலேயே சூடானது. 3090ல் பாதி மெமரி போர்டின் பின்பக்கம் இருப்பதால் அங்கே இன்னும் மோசம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டை ஓடவிட்டுக் கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) நின்ற பிறகு சந்தைக்கு வந்த கார்டுகளில் பல, மாதக்கணக்கில் மெமரியை 100 டிகிரியில் வேகவைத்தவை. அப்படி ஒன்றை வாங்கியிருந்தால், சிப் எத்தனை டிகிரி காட்டினாலும் பேட் மாற்றுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். திறக்க மனமில்லையா, மெமரி ஓவர்கிளாக்கையாவது எடுத்துவிடுங்கள். இந்த மெமரி பிழை வந்தால் கிராஷ் ஆகாது, அதே தரவைத் திரும்ப அனுப்பிச் சரிசெய்துகொள்ளும். மெகாஹெர்ட்ஸ் எண் கூடியிருக்கும், ஃபிரேம் குறைந்திருக்கும். எங்கே வேகம் உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பிக்கிறது என்று அளந்து பார்க்காமல் மெமரியை ஏற்றுவதில் பயனில்லை.

தண்ணீரும் ஏசியும்

ப்ராசஸருக்கான 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலரைக் கார்டில் பொருத்தும் பிராக்கெட்டுகள் உண்டு. சிப் அருமையாகக் குளிரும். மெமரியும் வோல்டேஜ் சர்க்யூட்டும் கைவிடப்படும். 3080 மாதிரிக் கார்டுக்கு இது பொருந்தாது. முழுக் கார்டையும் மூடி, உள்ளே தண்ணீர் ஓடும் வாட்டர் பிளாக் மிக நல்ல தீர்வு, ஆனால் அது உங்கள் போர்டு மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பம்ப், ரேடியேட்டர், ட்யூப் எல்லாம் சேர்த்தால், அந்தப் பணத்தோடு பழைய கார்டை விற்ற காசையும் போட்டு அடுத்த தலைமுறைக் கார்டு வாங்கலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். தண்ணீரும் அறையைவிடக் குளிராது. 38 டிகிரி அறையில் ரேடியேட்டரும் 38 டிகிரிக் காற்றைத்தான் குடிக்கிறது. அந்த வேலையில் பிரியம் உள்ளவர்கள் செய்யட்டும், அது ஒரு நல்ல கைத்தொழில். சூட்டுக்கு மருந்தாக மட்டும் நினைத்துச் செய்தால் விலை அதிகம்.

ஏசி விஷயம் வேறு. அறையை 38லிருந்து 26க்குக் கொண்டுவந்தால் கார்டின் எல்லா அளவுகளும் கிட்டத்தட்ட அதே 12 டிகிரி இறங்கும், இதைவிட நிச்சயமான வழி கிடையாது. வீட்டில் ஏற்கெனவே ஏசி இருந்தால் மத்தியானம் விளையாடும்போது போட்டுக்கொள்ளுங்கள். கார்டுக்காக வாங்குவது வீண். 1.5 டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் 5.2 கிலோவாட். கார்டும் ப்ராசஸரும் சேர்ந்து அரை கிலோவாட் கொட்டினால் அதில் பத்தில் ஒரு பங்கு கம்ப்யூட்டருக்கே போய்விடும். சின்ன அறையில் ஏசி இருந்தும் புழுங்குவதாகச் சொல்பவர்கள், முதலில் பவர் லிமிட்டை இறக்கிப் பார்க்கலாம்.

ஆகவே 3080 போன்ற கார்டை ஓவர்கிளாக்கில் வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால், இன்றிரவே 0.9 வோல்ட் அண்டர்வோல்ட், 75 சதவீத ஃபேன் கூரை, இந்த இரண்டும் போதும் என்பேன். அந்த வார இறுதியில் கண்ணாடியைக் கழற்றும் சோதனை. ஹாட்ஸ்பாட்டோ மெமரியோ தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் மட்டும் ஸ்க்ரூ டிரைவர். அதிக வேகம் வேண்டும் என்ற ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. ஆஃப்டர்பர்னரில் ஐந்து ப்ரொஃபைல்கள் சேமிக்கலாம். ஒன்றில் இந்தக் கோடை செட்டிங், இரண்டில் பழைய ஓவர்கிளாக். கார்த்திகை பிறந்து அறை 28 டிகிரிக்குக் கீழே வந்தபின் இரண்டாவதைப் போட்டு, மூன்று அளவுகளையும் திரும்ப ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.